புருஷன் பாட்டு

நான் தமிழ் இலக்கியம் படித்தது நான்காம் பாரத்தில், இப்போது ஒன்பதாம் வகுப்பு என்கிறார்களே அதில், பாதி வரை. அந்தப் பாதியிலும் பாதி நாள் பெஞ்சு மேல் ஏறி நின்றுதான் படித்தேன். இன்றைக்கு எழுத்துக்கூட்டி எழுதுகிற எனக்குக் கோபம் வந்தால் பேனா முள் உடையும், அவ்வளவுதான். இதை எழுதி முடிப்பதற்குள் எத்தனை முள் போகுமோ தெரியாது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்கள் தெரு. எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறிக்கிறவர்கள். அங்கிருந்து பூந்தமல்லிக்கு நடந்து உயர்நிலைப் பள்ளியில் படிக்கப் போனவன் நான் ஒருவன்தான். காலையில் சட்டை போட்டுக்கொண்டு நான் ரோட்டில் போனால் அம்மா வரப்பிலிருந்து சத்தமாகக் கூப்பிடுவாள். எனக்குக் கேட்பதற்காக இல்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கு ஒரு பண்டிதர். தலைப்பாகை, மேல்துண்டு, சந்தனப் பொட்டு. செய்யுளை ஒரு தரம் ராகத்தோடு சொல்வார். பிறகு பிரித்துச் சொல்வார். பிறகு பொருள் சொல்வார். பொருள் செய்யுளைவிடக் கஷ்டமாக இருக்கும். எனக்குப் புரிந்தது ராகம் மட்டும்தான். ஆனாலும் அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கும். கணக்கு வாத்தியார் அடிப்பார், இவர் பாடுவார்.

அந்த வருஷம் பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரிய மனிதர் செத்துப்போனார். பெரிய வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஆள் வரும். அவர்கள் போய்ப் பின்கட்டில் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நின்று, பிணம் எடுக்கிற வரைக்கும் ஒப்பாரி பாட வேண்டும். அந்த வீட்டம்மா நாலு பேர் காதில் விழ அழக் கூடாது, கௌரவம். அதனால் அந்த அம்மாவுக்குப் பதிலாக, அந்த அம்மாவின் புருஷனுக்கு, என் அம்மா அழுதாள். தெருவில் அவள் குரல்தான் பெரிய குரல். பெரியவரின் மூத்த மகன் பின்கட்டுக்கே வந்து, "நல்லா கீது, நிறுத்தாதீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெளியே வேலியோரம் நின்று கேட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம். பண்டிதர் ஆளுக்கு ஒரு செய்யுள் எழுதிக் கொடுத்து, அவரவர் எழுதியதாகச் சொல்லச் சொன்னார். என்னுடையது நாலு வரி. மாட்டுக்கும் மரத்துக்கும் ஒப்பித்து மனப்பாடம் செய்தேன். கூட்டத்தில் முன்வரிசையில் மூத்த மகன். ஓரத்தில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் வீட்டம்மாவும் மற்ற பெண்களும். இரண்டு வரி சொன்னேன். மூன்றாவது வரி வரவில்லை. செத்தவரைப் பற்றி நான்காம் பாரத்துக்காரன் நடுவில் நின்றுவிட்டால் அவமானம் இல்லையா? சாவுக்கு என்று என் வாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அது தானாக வந்துவிட்டது.

"பூந்தமல்லிச் சந்தையிலே பூ வாங்கித் தந்தவரே,
வச்ச பூ வாடலியே, என் மன்னவரே,
மஞ்ச மொகங் கழுவச் சொல்லி மறஞ்சீரே."

தட்டிக்குப் பின்னால் யாரோ விசும்பி, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பையன்கள் சிரித்தார்கள். அரும்பு மீசைக்காரன் புருஷனைப் பறிகொடுத்தால் சிரிக்க மாட்டார்களா? மூத்த மகன் எழுந்தார்.

"இன்னாயா இது, சேரிப் பாட்டு? இத்தத்தான் சொல்லித் தரீங்களா இங்க?"

"நான் எழுதிக் கொடுத்தது இது அல்ல, ஐயா. சத்தியமாக அல்ல" என்றார் பண்டிதர்.

மன்னிப்புக் கேட்கும் வரை வகுப்பில் உட்காரக் கூடாது என்று தலைமையாசிரியர் வெளியே அனுப்பினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் கோபம் வந்தது, வேறு காரணத்துக்கு.

"ஏண்டா பேமானி, பெத்த அப்பனுக்கு ஒரு பாட்டு கீது. கூடப் பொறந்தவனுக்கு ஒண்ணு கீது. ஊருப் பெரியவருக்கு ஒண்ணு கீது. அல்லாத்தயும் உட்டுட்டு புருஷன் பாட்டப் பாடிகினு வந்துகிறியே."

"எனுக்கு அதாம்மா தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்கா, உம் புள்ளைக்கு எப்ப கண்ணாலம் ஆச்சி? எங்களுக்குச் சொல்லவேயில்ல."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள், "நாளைக்குப் போயி காலுல உழு, நைனா. உழுந்தா இன்னா, கொறஞ்சா பூடுவ? படிப்பு போச்சின்னா களை பறிக்கத்தான் வரணும்."

விழுந்தேன். தலைமையாசிரியர் காலில், பண்டிதர் காலில், வந்திருந்த மூத்த மகன் காலில். விழுவதில் எனக்கு வெட்கமே கிடையாது. வாசலில் மாடு நின்றிருந்தால் அதற்கும் ஒன்று போட்டிருப்பேன். அப்புறம் வகுப்புக்கு நடுவில் என்னை நிறுத்தினார்கள். தலைமையாசிரியரும் மூத்த மகனும் வாசற்படியில் நின்றார்கள்.

"'என் தாய் பாடுவது இழிந்த பாட்டு. அதைப் பாட்டென்று எண்ணியது என் அறியாமை.' இதைச் சொல்லிவிட்டு உட்கார்" என்றார் பண்டிதர்.

"நான் பாட்னது தப்புதான் ஐயா. புருஷன் பாட்டு பாடியிருக்கக் கூடாது."

"அது இல்லை. நான் சொன்னதைச் சொல்."

மறுபடி அவர் காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் எழுந்து மூத்த மகனைப் பார்த்தேன். "உங்க ஊட்லதான சார் எங்கம்மா பாடிச்சி. நல்லா கீதுன்னீங்களே."

அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் என் காதருகே குனிந்தார். "சொல்லித் தொலையேன். ஒரு வரிதானே. எனக்கும் சோறு இங்கேதான்."

இந்தப் பண்டிதர் சாவு அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர். பின்கட்டில் நின்று, என் அம்மா பாடியதைக் கேட்டு மேல்துண்டில் மூக்கைச் சிந்தினார். நான் வேலியோரத்திலிருந்து பார்த்தேன். மூத்த மகனுக்குப் பாட்டு என்றால் என்னவென்று தெரியாது, அவரை விட்டுவிடலாம். இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே குனிந்து காதில் சொன்னாரே, அதைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் விழுங்க முடியவில்லை.

"சொல்ல மாட்டேன் ஐயா" என்றேன். அவர் நிமிர்ந்து, வாசற்படியைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். பள்ளிப் பதிவேட்டில் என் பேரை அடித்தார்கள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள்.

"காலுல உழுந்தியா?"

"உழுந்தேன்."

"அப்பறம் இன்னாவாம்?"

அவர்கள் சொல்லச் சொன்ன வரியை அவளிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் அங்கேயே சொல்லியிருக்கலாமே.

"எனுக்கு தமிழ் வரலியாம். வேணாம்னுட்டாங்கோ."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இத்தினி வருஷம் போயும் வரலியாடா ஒனுக்கு?"

தலையைக் குனிந்து நின்றேன். கண் கலங்கியதை, மூளை இல்லாததற்காகப் பையன் அழுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாள். எம் புள்ள நல்ல புள்ள, தமிழ்தான் அவனுக்கு ஏறல. தெருவில் யாரும் அவளை மறுத்ததில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.