வலிக்காத முள்

மூன்று வருடங்களுக்கு முன், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலை வேளையில் நடந்தது. ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரை நோயை வரவழைத்துக்கொண்டவன். மருத்துவமனையில் நடந்த உடற்பயிற்சி வகுப்பில் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஷூ இல்லாமல் நடக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு எதையும் சோதித்துப் பார்க்கிற புத்தி. வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். விடுவேனா? ஒரு வாரம் ஷூவோடு, ஒரு வாரம் வெறுங்காலோடு நடப்பது. வீட்டுக்கு வந்ததும் விரலைக் குத்தி மீட்டரில் பார்த்து, காலண்டரில் எழுதுவது. பெரிய விஞ்ஞானி என்று மனைவி கிண்டல் செய்வாள். வெறுங்கால் வாரத்தில் எண் கொஞ்சம் இறங்கவும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரத்தின் நான்காம் நாள். துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து கூடைகள் கிளம்புகிற நேரம். மீன் விற்கும் அக்கா ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

"நைனா, நில்லு! காலைப் பாரு!"

திரும்பினால், ஈரத் தரையில் நான் வந்த வழியெல்லாம் ரத்தம். ஐஸ் பெட்டி மேல் உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கெளுத்தி மீன் முள் ஆழமாக இறங்கியிருந்தது. அது குத்தினால் கடலுக்குப் போகிறவர்களே துடித்துப்போவார்களாம். எனக்கோ எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வலிக்கவே இல்லையே என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"சர்க்கரை கீதா உனக்கு? எங்க வூட்டுக்காரரும் வலிக்கல, வலிக்கலன்னு சொல்லிகினே இருந்தாரு. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. வலிக்கலன்னாதான் நைனா பேஜாரு."

முள்ளைப் பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, கூடையை அப்படியே போட்டுவிட்டு, என்னோடு ஆட்டோவில் ஏறினார். காலையில் விற்காத மீன் மதியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் முள்ளை எடுத்தார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடப்போவதாகவும், தொட்டதும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். எப்போது தொடுவார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் தொட்டு முடித்திருந்தார்கள். அப்போதுதான் பயந்தேன்.

கால் பிழைத்தது. இன்றும் நடக்கிறேன், ஷூவோடு. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் காலண்டரில் எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் கால் வலிக்கிறது என்று புலம்பும்போது, ஆறுதல் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு நொடி பொறாமையாக இருக்கிறது.