கல்யாண கேக்கில் ஓர் அரசர்

கவிழ்த்துப் போட்ட தட்டில் கேக்கம்மா கிரீமால் எழுதுகிறார்: அப்டிகேட். ஆங்கில எழுத்துகள் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. ஒருமுறை உரக்கப் படிக்கிறார். கத்தியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடியும் அதையே எழுதுகிறார். பேனா பிடித்தால் அவருக்குத் தூக்கம் வரும். கிரீம் கூம்பு பிடித்தால்தான் பாடம் மண்டையில் ஏறும்.

கேக்கில் எழுத வாடிக்கையாளர்கள் தரும் ஆங்கில வாழ்த்தை அர்த்தம் தெரியாமலே பார்த்து வரைந்து காலம் ஓட்டியவர். "என்ன எழுதுறோம்னே தெரியாம எழுதறது ஒரு பொழப்பா?" என்று அறுபதுக்கு மேல் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, உடும்புப்பிடிதான்! இந்த வாரம் அரியணை துறந்த அரசர்கள் பாடம். அப்டிகேட் என்றால் முடிதுறப்பது, ரினவுன்ஸ், ரிலின்குவிஷ் என்றாலும் ஏறக்குறைய அதுவே என்று மாவு சலிக்கும்போதும் வாய் ஓயவில்லை.

"அந்த ராஜாவ யாரும் தொரத்தல, சண்டையும் இல்ல. அவனாவே எறங்கிப் போனானாம். லூசா அவன்?" என்று ரொட்டி வாங்க வருபவர்களிடமெல்லாம் நியாயம் கேட்பார்.

உள்ளே மகள் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். மாவு, அடுப்பு, கல்லா எல்லாம் எப்போதோ அவள் கைக்கு வந்தாயிற்று. கேக்கில் பெயர் எழுதும் வேலையை மட்டும் அம்மா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டால், "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று அம்மா முறைப்பார். முறைப்பு என்ன முறைப்பு, எல்லாம் பயம்தான். அதையும் கொடுத்துவிட்டால் இந்தக் கடையில் தனக்கு என்ன வேலை?

இன்றைக்கு வந்தது வினை. காலையெல்லாம் தட்டில் எழுதிப் பழகிய கை, கல்யாண கேக்கிலும் சுழியும் பூவுமாக 'அப்டிகேட்' என்று எழுதி வைத்துவிட்டது. வாங்க வந்த மாப்பிள்ளையின் அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என்னங்கம்மா இது? எங்க வீட்டுல யாருக்கும் இந்தப் பேர் இல்லியே!"

கேக்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் சிரிக்கவும் இல்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. எழுத்தைச் சுரண்டி, மேற்பரப்பைத் தடவிச் சமமாக்கினாள்.

"நீயே எழுதும்மா. நேரம் இருக்கு" என்று கூம்பை நீட்டினாள்.

கேக்கம்மா அதை வாங்கினார். கேக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"எனக்கு மாப்பிள்ளை பேரே மறந்து போச்சுடி. நீ எழுது."

பொய்தான். பெயர் எழுதிய சீட்டு எதிரிலேயே ஒட்டியிருந்தது. கூம்பை மகள் கையில் திணித்தார். அவள் முதல் எழுத்தைத் தொடங்கியதும், அது போகும் பக்கமாகக் கேக்கின் சுழல்பலகையை இரு கையாலும் மெல்லத் திருப்பிக் கொடுத்தார்.