நிறுத்தம் தாண்டிய வாசகர்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்துவிட்டு, மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து போனில் நாவல் எழுதுவார். சோறு போடுவது லிஃப்ட், உயிரை எடுப்பது நாவல். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பவள் நான். என்னை வெளியே எடுக்க யாரும் யாருக்கும் போன் போடுவதில்லை.

முதல் நாவல் கொலைக் கதை. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது, கதவைத் திறந்தால் உள்ளே பிணம். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பதிப்பகமும் பதில் போடவில்லை. சரி, நாமே மின்புத்தகமாகப் போட்டுவிடுவோம் என்று இறங்கினார். 'நாமே' என்றால் யார் என்பது கல்யாணமான பெண்களுக்குத் தெரியும். பிழை திருத்தியது நான். பத்தி பிரித்தது நான். அட்டைக்காக எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவைப் படம் எடுத்தபோது, கதவிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த பிணத்தின் கையும் என்னுடையதுதான். வளையலைக் கழற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படம் அமைந்துவிட்டது, விட மனசில்லை. அதனால் கதையில் செத்துக் கிடந்த ஆண், பெண்ணாக மாறவேண்டியதாயிற்று. புத்தகம் முழுக்க அதைத் தேடித் தேடி மாற்றியதும் நான்தான்.

எங்களுக்குள் ஒரே ஒரு தீராத சண்டை. நாவலின் நடுவில் நாற்பது பக்கத்துக்கு லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று விளக்கியிருந்தார். கயிறு, எதிர் எடை, பிரேக், வேகக் கட்டுப்பாடு, எல்லாம் உண்டு. அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்த கொலைகாரன் அங்கே வந்ததும் ஓரமாக நின்று பாடம் கேட்பான்.

"இத வெட்டுங்க. படிக்கிறவங்க கொலைய மறந்துட்டு லிஃப்ட் வேலைக்குச் சேரப் போயிடுவாங்க" என்று சொன்னேன்.

"அதுதான் கதையோட உயிரே."

"உயிர் முதல் பக்கத்துலயே போயிடுச்சு. இது வெறும் கயிறு."

காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மனைவி சொன்னால் அது முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

புத்தகம் இணையக் கடையில் ஏறியது. வாங்கிய அத்தனை பேரும் எங்கள் கல்யாணத்தில் கைநனைத்தவர்கள். ஒருவரும் படிக்கவில்லை. "வாங்கிட்டேன்ல?" என்பதுதான் அவர்களுடைய கருத்து. தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பிறகு பேசாமல் கை கழுவப் போவார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "நம்மள யாருன்னே தெரியாத ஒரே ஒரு ஆள் படிச்சாப் போதும். அது இல்லன்னா இதோட விட்டுடறேன். சொந்தக்காரங்களுக்காக எழுதறதுக்கு அவங்களுக்கு நேரடியா போன் பண்ணிப் பேசிடலாம்."

விட்டுத் தொலைத்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் அவர் சொன்ன விதத்தைப் பார்த்ததும், இந்த மனுஷன் எழுதாமல் இருந்தால் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அந்த ஆள் வந்தார். ஆணோ பெண்ணோ தெரியாது. 'ஜன்னல் சீட்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையில் கருத்துப் போட்டிருந்தார். "பஸ்ஸில் படித்தேன். தொடக்கம் பிரமாதம். நடுவில் நாற்பது பக்கம் லிஃப்ட் பாடம், தாங்கவில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வரவேண்டியதாயிற்று. மூன்று நட்சத்திரம்."

இவர் அதைச் சத்தமாகப் படித்தார். திரும்பப் படித்தார். "நிறுத்தத்தைத் தாண்டிப் போயிட்டாங்களாம்!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்து ஒன்று செய்தார் பாருங்கள். கணினியைத் திறந்து அந்த நாற்பது பக்கத்தையும் அப்படியே வெட்டித் தூக்கிப் போட்டார்.

"அது கதையோட உயிராச்சே?" என்று கேட்டேன்.

"வாசகரே சொல்லிட்டாங்க."

முகம் தெரியாத ஒரு ஆள் ஒரே வரியில் சொன்னதும் புரிந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்தியவள் என்ன, மோட்டார் சத்தமா?

அதற்குள் விஷயம் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. இவருடைய அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பிக்கு ஒன்று என்றால் முன்யோசனை எல்லாம் கிடையாது, முன்கோபம் மட்டும்தான். கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பாராட்டு கண்ணில் படவில்லை. ஐந்துக்கு மூன்று என்பது மட்டும் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படையோடு வந்து இறங்கினார். அவருடைய கணவர், அவர்களுடைய இரண்டு மகள்கள், வழியில் கிடைத்தவன் என்று என் தம்பியையும் அழைத்து வந்திருந்தார். இவர் வீட்டில் இல்லை, எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போயிருந்தார். "ஒய்ஃபை பாஸ்வேர்ட் சொல்லும்மா" என்று நாத்தனார் கேட்டார். பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். கூடத்தில் அப்படி ஒரு அமைதி. எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இவர் வந்து செருப்பைக் கழற்றுமுன் போனைத் திறந்தார். ஐந்து புதிய கருத்துகள், எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம்.

"தம்பி சின்ன வயசிலிருந்தே அறிவாளி. கண்ணு பட்டுடும்" என்று நாத்தனார் எழுதியிருந்தார். அவருடைய கணவர் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "மேற்படி நாவல் என்னால் பரிசீலிக்கப்பட்டு, திருப்திகரமாக உள்ளதென இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்று சான்றிதழே கொடுத்திருந்தார். மகள்கள் இருவரும் வெறும் கைதட்டல் படங்கள். என் தம்பி மட்டும் தனி ரகம். "பொருள் சொன்ன தேதியில் வந்தது. பேக்கிங் அருமை." மின்புத்தகத்துக்கு!

"இன்னொரு வேலையும் பண்ணியிருக்கோம்டா" என்றார் நாத்தனார் பெருமையாக. "அந்த மூணு நட்சத்திரம் போட்டாங்களே, அவங்க தப்பாப் பேசுறாங்கன்னு அஞ்சு பேரும் புகார் அழுத்திட்டோம்."

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே கடையிலிருந்து கடிதம் வந்தது. ஒரே வீட்டின் இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் ஜோடிக்கப்பட்ட கருத்துகள் வந்திருப்பதால் கணக்கு முடக்கப்பட்டது. புத்தகமே காணாமல் போனது. இவர் கெஞ்சிக் கெஞ்சி எழுதினார். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பொறுமை யாரிடம் இருக்கிறது என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்வது? கடைசியில் ஒருவழியாகப் புத்தகம் திரும்பி வந்தது, மொட்டையாக. கருத்துகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். சான்றிதழும் பேக்கிங்கும் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஜன்னல் சீட்டும் போயிருந்தது.

"போனாப் போகட்டும், பெரிய இவங்க" என்றார் நாத்தனார் போனில்.

"அவங்க ஒருத்தர்தான்க்கா படிச்சாங்க" என்று சொல்லிவிட்டு இவர் வைத்துவிட்டார். அக்காவிடம் இவர் பேச்சை முறித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

சில வாரம் கழித்து அந்தப் பெயரிலேயே இன்னொரு கருத்து வந்தது. "முன்பு நான் எழுதியதைக் காணவில்லை. குறை சொன்னதால் எழுத்தாளர் நீக்கவைத்துவிட்டார் என்று புரிகிறது. நல்ல கதைதான். ஆனால் இப்படிப்பட்டவருடைய அடுத்த புத்தகத்தை நான் தொடப்போவதில்லை. ஒரு நட்சத்திரம்."

அடப்பாவமே! செய்தது அவர்கள், பழி இவருக்கு. எழுத்தாளர் அதற்குக் கீழே பதில் எழுதக்கூடாது என்பது கடையின் விதி. அந்த ஆளுடைய முகவரியும் தெரியாது. அன்றிலிருந்து இவர் மோட்டார் அறையில் எழுதுவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்த்தார். இத்தனை நாள் அதற்குத்தானே தவம் கிடந்தேன்? இரண்டே நாளில் எனக்கு அந்தக் காட்சி சகிக்கவில்லை.

"பாதில நிக்குதே ரெண்டாவது, அத முடிங்க" என்றேன்.

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். கோவத்துல தொடமாட்டேன்னு சொல்லலாம். எட்டிக்கூடவா பார்க்க மாட்டாங்க? முதல் சில பக்கத்தக் கடைக்காரங்க இலவசமாக் காட்டுறாங்கல்ல?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்ன ஒன்று அந்தக் காதில் ஏறியதை இத்தனை வருஷத்தில் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இரண்டாவது நாவல் முடிந்தது. கயிறும் கிடையாது, எதிர் எடையும் கிடையாது. அட்டையைத் தாண்டியதும் முதல் பக்கத்தில் சமர்ப்பணம்: "தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போன வாசகருக்கு. அந்தக் கருத்தை நான் நீக்கவில்லை. என்மேல் பாசம் வைத்தவர்கள் செய்த வேலை அது. நீங்கள் சொன்ன நாற்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன்."

"இது சமர்ப்பணமா, வாக்குமூலமா?" என்றேன். ஆனால் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

நாத்தனார் அழுதே விட்டார். "தூக்கி வளர்த்தவ நான். யாரோ ஒரு பஸ்ஸுல போறவங்களுக்கா சமர்ப்பணம்?"

"அடுத்தது உங்களுக்கு அண்ணி. ஆனா ஒண்ணு, யாரும் எங்கயும் நட்சத்திரம் போடக்கூடாது" என்று சொல்லி, அன்றே ஒய்ஃபை பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஒரு மாதம் ஒன்றுமில்லை. பழையபடி செருப்பைக் கழற்றுமுன் பார்ப்பதும், பேசாமல் கை கழுவப் போவதுமாக இருந்தார். பிறகு ஒரு காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் என் போனில் திறந்து பார்த்தேன். ஜன்னல் சீட்!

"சமர்ப்பணத்தைப் படித்தேன். நம்புகிறேன். எனக்கும் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. பாடம் இல்லை, நன்றி. ஆனால் கொலை செய்தது யார் என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த முறை என் நிறுத்தத்தில் சரியாக இறங்கிவிட்டேன். இரண்டு நட்சத்திரம். அடுத்ததைப் பார்ப்போம்."

இரண்டா? மூன்றாவது அத்தியாயம் நான் உட்கார்ந்து திருத்தியது! எத்தனை நாள் இடுப்பு ஒடிய உட்கார்ந்தேன், அந்த ஆளுக்கென்ன தெரியும், ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு சொல்ல? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. 'புகார் செய்' என்று ஓரத்தில் சின்னதாக இருந்ததே, அதன்மேல் என் கட்டைவிரல் எப்படிப் போய் நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

"போனக் குடு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

கொடுத்தேன். படித்தார். நட்சத்திரத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"அடுத்ததைப் பார்ப்போம்னு போட்டிருக்காங்க" என்றார். துண்டைக்கூட எடுக்காமல், ஈரத்தோடு கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.