ஒரு கம்பியும் இரண்டு சொந்தக்காரர்களும்

மலாயாவின் பீடோங்கில் நாங்கள் குடியிருந்தது உண்மையில் அரை வீடு. செங்கல் தூண்களின் மேல் நின்ற ஒரே பலகை வீட்டை நடுவில் ஒரு தடுப்பு இரண்டாக வகுத்திருந்தது. தெற்குப் பாதியில் அப்பா, அம்மா, நான். வடக்குப் பாதியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் ஐயா என்போம். அவர் மனைவி எனக்கு மாமி.

சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரே வெள்ளைக்காரத் துரையின் பொறுப்பில் இருந்த மூன்று ரப்பர் தோட்டங்களுக்கு அப்பா டிரஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுவதும், பிரசவம் சிக்கலானால் ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற்பாடு செய்வதும் அவர் வேலை. தோட்டத்தில் டிரஸ்ஸருக்கென்று இருந்த வீட்டைக் கறையான் தின்று தீர்த்துவிட்டதால் நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். பட்டணத்தில் இருக்கும் டிரஸ்ஸரை அவசரத்துக்குக் கூப்பிட ஒரு தொலைபேசி வேண்டும் என்று துரை சொன்னார். மாதச் செலவைத் தோட்டம் ஏற்கும். வீட்டுக்குக் கம்பி இழுத்து இணைப்புக் கொடுக்கும் கட்டணத்தை மட்டும் வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சண்டை முழுவதும் அந்தத் 'தங்களுக்குள்' என்ற இடத்தில்தான் தொடங்கியது.

கருவி எங்கள் பக்கச் சுவரில் தொங்கியது. ஆனால் கம்பி வந்த வழி ஐயாவின் முற்றம். அது நுழைந்தது அவருடைய கூரைக்குக் கீழே. அதற்கு வழிவிட அவருடைய ரம்புத்தான் மரத்தில் ஒரு கிளையையும் வெட்டியிருந்தார்கள். தன் வீட்டுக்குள் வரும் கம்பி இன்னொருவர் பெயரில் இருக்கக்கூடாது என்று அவர் இணைப்பைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். கட்டணத்தை அப்பாவைக் கட்டச் சொன்னார். அவசரத்தை உத்தேசித்து அப்பாவும் கட்டிவிட்டு, பிறகு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கப் போனார்.

"கம்பி வந்தது என்ர வீட்டுக்கு. சுவரும் என்ர, மரமும் என்ர. ஆனால் கதைக்கிறது நீர். அப்ப காசை ஆர் குடுக்கவேணும்?" என்றார் ஐயா.

"கம்பி உங்களுதுன்னா காசும் உங்களுதுங்கய்யா. காசு என்னுதுன்னா கம்பியும் என்னுது. ரெண்டுல ஒன்ன சொல்லுங்க," என்றார் அப்பா.

ஐயா இரண்டையும் சொன்னார்: கம்பி தன்னுடையது, காசு அப்பாவுடையது. அன்றிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு இரு வீடுகளுக்கும் பேச்சு இல்லை. கடிதம் மட்டும் இருந்தது. அலுவலகத்தில் கை பழகியவர் ஆதலால் ஐயா நீளத்தாளில் ஆங்கிலத்தில் எழுதுவார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்றுதான் தொடங்குவார். தபால்காரி நான். கதவிலிருந்து கதவுக்குப் பத்தடி. ஒவ்வொரு கடிதத்துக்கும் மாமி எனக்கு ஒரு துண்டு பனங்கட்டி கொடுப்பார். அப்பா கடிதத்தைத் தமிழாக்கி உரக்கப் படிப்பார். அம்மா தடுப்பைப் பார்த்து, "நாம வீடு மாறிப் போறப்ப கம்பிய சுருட்டி இடுப்புலயா கட்டிக்கிட்டுப் போகப்போறோம்?" என்று கேட்பார். அப்பால் மாமி ஒருமுறை செருமுவார். கேட்டது என்பதற்கு அதுவே ரசீது.

உண்மையான ரசீது ஒன்றும் இருந்தது. கட்டணம் கட்டியதற்குத் தொலைபேசி அலுவலகம் அப்பாவுக்குக் கொடுத்தது. அதை அம்மா பிஸ்கோத்து டின்னில், தன் தாலிக்கொடிக்கு வாங்கிய அடகுச் சீட்டின் பக்கத்திலேயே வைத்திருந்தார். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு முழுவதும் வராது. ஆனால் இந்த வழக்கில் இரு தரப்பு வாதமும் தலைகீழாக வரும். நியாயம் எங்கள் பக்கம் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை ஒரே இரவில் பங்களாவைப் பூட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார். தொலைபேசி ஊமையாயிற்று. எந்தக் கம்பியையும் எந்தக் கருவியையும் யாரும் தொடக்கூடாது என்று அறிவித்தார்கள். வெள்ளைக்காரர்களோடு பேச்சு வைத்திருந்தவர்களைத் தேடுகிறார்கள் என்றும், அழைத்துப்போன சிலர் திரும்பவில்லை என்றும் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அம்மா கருவியின் மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடிதங்கள் நின்றுபோனதும், அவற்றோடு பனங்கட்டியும் நின்றுபோனதும்தான். ஓராண்டு இருவரும் உரிமை கொண்டாடிய பொருளைப் பற்றி இப்போது தடுப்பின் இரு பக்கமும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் காலை, அப்பா மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. இடுப்பில் வாள் தொங்க ஓர் அதிகாரி இறங்கினார். பின்னால் ஒரு சிப்பாய். மூன்றாவது ஆளை எனக்கு அடையாளம் தெரிந்தது. போருக்கு முன் கடைத்தெருவில் படக்கடை வைத்திருந்த ஜப்பானியர் அவர். எங்களைக் குடும்பமாக நிற்கவைத்துப் படம் பிடித்தவர். அசையாமல் நின்றதற்கு எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தவர். இப்போது காக்கிச் சட்டை போட்டிருந்தார். நன்றாக மலாய் பேசுவார் என்பதால் அதிகாரிக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார்.

துரையின் பங்களாவில் ஒரு காகிதம் அகப்பட்டதாம். அதில் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. அதை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள்; எங்கள் சுவரில் தொங்கிய கருவியின் எண் அது. துரை அடிக்கடி கூப்பிட்ட எண். யாருடைய தொலைபேசி இது என்று படக்கடைக்காரர் மலாயில் கேட்டார்.

அப்பா சைக்கிளை விட்டுவிட்டு வாயைத் திறப்பதற்குள் வடக்குப் பாதியின் படியில் ஐயா தோன்றினார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். பித்தான்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

"சாயா பூஞா," என்றார். என்னுடையது.

ஓராண்டாக எங்களிடம் சொல்லிவந்த பொய்யை இவர் ஜப்பான்காரரிடமும் சொல்லுகிறார். கேட்கவும் ஆள் வந்து, எழுதிக்கொள்ளவும் ஆள் வந்திருக்கும் இந்த நேரத்தில் அப்பா பேசாமல் நிற்கிறார். நான் உள்ளே ஓடினேன். பிஸ்கோத்து டின்னைத் திறந்து ரசீதை எடுத்துக்கொண்டு, அம்மாவின் கை என்னை எட்டுவதற்குள் படக்கடைக்காரரிடம் போய் அதை நீட்டினேன்.

"எங்க அப்பாதான் காசு கட்டினாரு," என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

அதிகாரி ரசீதை வாங்கிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். நீ கட்டினாயா என்று கேட்டார் படக்கடைக்காரர்.

"ஆமா. கட்டினது நான்தான்," என்றார் அப்பா. அவர் குரல் தெளிவாகவே இருந்தது. "பேசினதும் நான்தான். ஐயாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

"நீர் வாயை மூடும்," என்றார் ஐயா தமிழில். உள்ளே போய், நாடா கட்டிய ஒரு கனத்த கோப்போடு வந்தார். எங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அதில் பிரதி இருந்தது. இணைப்புப் பத்திரத்தை எடுத்துத் தன் பெயரைக் காட்டினார். பிறகு கூரையைக் காட்டினார், சுவரைக் காட்டினார், ரம்புத்தான் மரத்தில் கிளை போன இடத்தைக் காட்டினார். காசு யார் கையால் போனாலும் கம்பி வீட்டுக்காரனுக்கே என்று மலாயில் வாதாடினார். துரையோடு பேசியது யார் என்றதும் தயங்காமல் தன் மார்பைத் தொட்டார். தோட்டத்து லாரி தன் வேலியை இடித்ததாகத் துரைக்கு எழுதிய புகார்க் கடிதங்கள் மூன்றை விரித்துவைத்து, எழுதியும் பயனில்லாததால் தொலைபேசியில் ஏசினேன் என்றார்.

"அவரு ஒருநாளும் பேசினதில்ல. காசு கட்டினவனுக்குத்தான் கம்பி," என்றார் அப்பா.

"பேர் உள்ளவனுக்குத்தான் கம்பி. வாடகைக்கு இருக்கிறவருக்கு என்ன உரிமை?"

"ரசீதப் பாருங்க."

"பத்திரத்தைப் பாரும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா ஒருவழியாகச் சண்டையிடத் தொடங்கிவிட்டார். சொற்கள்கூடப் பழைய சொற்கள்தாம். வரிக்கு வரி நான் முன்கூட்டியே சொல்லியிருப்பேன். தமிழும் மலாயும் கலந்து இருவரும் குரல் உயர்த்திக்கொண்டே போக, படக்கடைக்காரர் முதலில் மொழிபெயர்த்தார், பிறகு விட்டுவிட்டார். கடை நடத்தியவருக்கு ஆங்கிலம் வாசிக்கவும் வரும்; கோப்பைப் புரட்டினார். கடிதத்தின் மேல் கடிதமாக அதே கட்டணம், அதே கிளை. அவர் உதடு மெல்லக் கோணியது.

"வீட்டுத் தவுக்கே எல்லாரும் ஒரே மாதிரி," என்றார் ஐயாவிடம். தவுக்கே என்றால் முதலாளி. "என் கடைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டப்பவும் இப்படித்தான். குழாய் தவுக்கேயோடது, செலவு என்னோடது."

பிறகு அதிகாரியிடம் நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் ஒரு சலிப்பு வந்தது. அவர் ஒரு சொல் சொல்ல, சிப்பாய் தலையணை உறையை வீசிவிட்டுக் கருவியைச் சுவரிலிருந்து பெயர்த்தான். ஐயா அதைச் சுமந்துகொண்டு தங்கள் அலுவலகம் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள்.

அப்பா முன்னால் வந்தார். ஐயா கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

"நீர் நில்லும். பேர் என்ர," என்றார் திரும்பாமல்.

அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா ஓராண்டுக்குப் பிறகு வடக்குப் பாதிக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தபோது மாமியின் கை அம்மாவின் மடியில் இருந்தது. என்னை யாரும் திட்டவில்லை. திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது சாலை வளைவில் ஒரு கறுப்புக் கோட்டு தெரிந்தது. ஐயா நடந்து வந்தார், அக்குளில் கோப்பு. அப்பா எழுந்து படியிறங்கிப் போனார். ஐயாவின் இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது.

"வெயில்," என்றார் ஐயா. நான் நம்பினேன்.

அதிகாரியிடமிருந்து திரும்ப வாங்கிவந்த எங்கள் ரசீதைக் கோப்பிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "பத்திரமா வையும். கம்பி திரும்ப வந்தால் தேவைப்படும்."

அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஐயா எதற்கும் காத்திராமல் தன் பாதிக்குப் போனார். உள்ளே மாமி அழும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, "சரி, சரி, தேத்தண்ணி போடும்," என்ற குரல் கேட்டது.

அரைமணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. ஒரு கடிதம், ஒரு துண்டு பனங்கட்டி. அப்பா வழக்கம்போல உரக்கத் தமிழாக்கினார். "இணைப்புக் கட்டணம் தொடர்பாக. கருவி அகற்றப்பட்டபடியால் இவ்விவகாரம் முடிவுற்றதாகக் கருதப்படும். வெட்டப்பட்ட ரம்புத்தான் கிளை குறித்த என் கோரிக்கை மட்டும் நிலுவையில் உள்ளது."

அப்பா சிரித்தார். கிளை என்று மறுபடி சொல்லிச் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார், வெகுநேரம் எடுக்கவில்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாம் தோற்றுவிட்டோம் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

"பரவால்லப்பா. அடுத்த தடவ ஜெயிச்சிடலாம்," என்றேன்.

அவர் துண்டுக்குள்ளிருந்தே என் தலையைத் தடவினார்.

அம்மா மரவள்ளிக் கிழங்கை அவித்து, மேலே தேங்காய் துருவி, தட்டில் வைத்து மாமி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வென்றவர்களுக்கு விருந்து வைப்பதுபோல எனக்கு அது ஆத்திரமாக இருந்தது. தட்டை ஐயாவுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"என்ன பிள்ளை, கோவமோ?"

"நீங்க பொய் சொன்னீங்க," என்றேன்.

மாமி பதறி எழுந்தார். ஐயா கையமர்த்தினார். கன்னம் வலித்திருக்க வேண்டும்; கிழங்கை ஒரு பக்கமாக மென்றார்.

"ஓம் பிள்ளை," என்றார். "சொன்னனான்."

நான் பத்தடியையும் ஒரே ஓட்டமாக ஓடினேன். அவரே ஒத்துக்கொண்டார் என்று அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். தடுப்புக்கு அப்பால் நன்றாகக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். அப்பாலிருந்து மாமி செருமினார். அம்மா தடுப்பின் பலகையில் உள்ளங்கையை வைத்து, தானும் ஒருமுறை செருமினார். ஓராண்டு நடந்த வழக்கில் நாங்களே வென்றோம் என்ற நிறைவோடு நான் மீதிப் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன்.