தள்ளி நில்லுங்கோ

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பட்டறையில் வேலை செய்தேன். பழைய இராணுவத் துப்பாக்கிகளின் இயந்திரப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழலும் கட்டையும் பூட்டி வேட்டைத் துப்பாக்கி ஆக்குவார். முதன்முறை சுடும்போது பழைய இரும்பு சிதறலாம். அதனால் ஊருக்கு வெளியே ஒரு வயலில் துப்பாக்கியைக் கட்டிவைத்து, மேலே தடித்த கம்பளியைப் போர்த்தி, மறைவில் இருந்தபடி கயிற்றால் விசையை இழுப்போம்.

அன்று எங்களைக் காரில் கொண்டுவந்தவர் என் பக்கத்து வீட்டுப் புதுச்சேரி அண்ணன். பட்டறைப் பக்கமே வந்தறியாதவர்; கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியைக் காணவுமில்லை.

"வெடி வைக்கப்போறம் அண்ணை, நல்லாத் தள்ளிப்போய் நில்லுங்கோ" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

முதலாளியும் நானும் மண்மேட்டுக்குப் பின்னால் படுத்தோம். கயிற்றை இழுக்கப் போனேன். குழலுக்கு நேர் எதிரே, புதருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:

"தம்பி, இவ்ளோ தூரம் போதுமா?"

கயிற்றை எப்படி விட்டேனோ தெரியாது. எட்டிப் பார்த்தேன். கம்பளிக்குள் பட்டாசு என்று நினைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

ஈழத்தில் எங்கள் ஊரில் வெடி வைப்பதென்றால் துப்பாக்கியால் சுடுவது. அவர் ஊரில் அது தீபாவளி. இரண்டும் ஒரே தமிழ்தானே என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால், அவர் என் பக்கத்திலேயே நின்றிருப்பார்.