குளத்தோரக் கோரை

இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டேன். சொன்னால் மட்டும் யார் வந்து நீவிவிடப் போகிறார்கள்? பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கினேன். அதற்கப்புறம் நாற்றுப் பறிக்க, களை எடுக்க, வேர்க்கடலை பிடுங்க, கதிர் அறுக்க, கத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட என்று கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போயிருக்கிறேன். இது தெரியும், அது தெரியாது என்று கூலியாள் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில். சுற்றிலும் கம்பெனிச் சுவர். இடையில் கொஞ்சம் நிலத்தில் மட்டும் இன்னும் பயிர் வைக்கிறார்கள். நிலம் போச்சே என்று அழ எனக்கு ஒன்றுமில்லை, அது என்றைக்கும் என்னுடையதாக இருந்ததில்லை. வேலை போச்சே என்றுதான் கவலை. நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் திரும்ப முடியாத மூலைகளுக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். மூலைக்கு மூலை சேற்றில் ஓடி நடுவது இருக்கிறதே, முழு வயலை நடுவதைவிடக் கொடுமை. அதற்குள் என் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இனி சேற்றில் இறங்காதே, குந்தாதே என்றார் டாக்டர். குந்தாமல் என்ன வேலை செய்வது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குத் தோட்ட வேலைக்குப் பெண்கள் வேண்டுமாம். பத்து நாள் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் போட்டோ ஒட்டின பாஸ் போட்டுக் கொடுப்பார்கள். பாஸ் வந்துவிட்டால் மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, மதியம் நிழலில் சோறு, பூட்டு போட்ட கக்கூஸ். சிரிக்காதீர்கள். நாற்பது வருஷம் கருவேல மரத்து மறைவைத் தேடி அலைந்தவளுக்குத்தான் அந்தப் பூட்டின் அருமை தெரியும். அந்தப் பாஸ் எனக்கு வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

நானும் என் ஓரகத்தியும் போனோம். ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வயலில் எனக்குப் பக்கத்து வரிசை எப்போதும் அவளுடையது. அவளுக்கும் அந்த வேலை தேவைதான். மகள் செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை. புல் வெட்டினோம், சருகு பொறுக்கினோம். எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர், தென்காசிப் பக்கத்துப் பையன். குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி, தினம் பஸ் மாறி வருகிறவன். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் தூக்கம். ஆறாம் நாள் காலையில் ஓடி வந்தான்.

"யம்மா, ஆபீஸ் முன்னால குளம் இருக்குல்லா, அந்தக் கரையில களை எடுத்துருங்க. மத்தியானம் பெரிய ஆளுக வர்றாவ. சுத்தமா இருக்கணும்."

சொன்னவன் நிற்காமல் வாசல் கேட்டுக்குப் போய்விட்டான்.

குளம் என்றால் சிமெண்டுத் தொட்டி. ஓரத்தில் மண் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், எங்கும் கோரை! இடுப்பளவு உயரம், உச்சியில் குடை மாதிரி விரிந்த இலை. நடுவில் அங்கங்கே கொஞ்சம் அருகம்புல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயலில் இத்தனை கோரையை விட்டுவைத்தால் நிலத்துக்காரர் எங்களைச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார். இவ்வளவு பெரிய கம்பெனி, ஒருத்தனுக்குக்கூடவா கண் தெரியவில்லை என்று புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டி கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன்.

ஓரகத்தி உட்காரவில்லை.

"அக்கா, இத்த பாரு. வரிசையா நிக்குது. யாரோ வச்சா மாரி கீதே."

"கோரைய எவன்டி வப்பான்? உனுக்கு இன்னா, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? வேலையப் பாரு."

"சார் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்க்கா."

"களை எடுக்கறதுக்குக் கேப்பாங்களாடி? நம்பள வேலை தெரியாதவளுங்கன்னு நெனைப்பான். குந்து."

உட்கார்ந்தாள். வயலில் நான் சொன்னால் அவள் தட்டுவதில்லை.

கோரையை மேலாகப் பிடுங்கினால் நாலு நாளில் திரும்ப முளைத்துவிடும். களைக்கொத்தால் ஆழமாகக் கிளறி, அடிக்கிழங்கோடு எடுக்க வேண்டும். எடுத்ததைச் சும்மா போட்டாலும் ஈரத்தில் வேர்விடும். அதனால் மண்ணை உதறி, வேர் வெயிலைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து வைப்போம். அப்படித்தான் செய்தோம். டீ நேரத்துக்குள் கரை மொட்டை. சூடு ஏறிய கல் நடைபாதையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஒரு தாள், ஒரு கிழங்கு மிச்சமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பாஸ் கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சூப்பர்வைசர் வந்தான். தூக்கம் எல்லாம் போய், தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அய்யய்யோ! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? அது அழகுக்கு வச்ச செடிம்மா. பெங்களூர்லருந்து லாரியில வந்துச்சு. எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியளே!"

கோரையை லாரியில் ஏற்றி வந்து வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க நேரமில்லை. ஓடிப்போய் கவிழ்த்தவற்றை எல்லாம் அள்ளினோம். நாற்று நடுகிற மாதிரி திரும்ப நட்டோம், தண்ணீர் ஊற்றினோம். நடவு எங்கள் கையில் ஊறின வேலைதானே. ஆனால் வேர் அதற்குள் காய்ந்து கருகியிருந்தது. நடுநடுவே ஒன்றிரண்டு நின்றன. மற்றவை தலை தொங்கிச் சாய்ந்தன. வேலையைத் திருத்தமாகச் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

மத்தியானம் ஆபீஸ் அதிகாரி ஒருவர் வந்து குளத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றான். குரல் இறங்கியிருந்தது.

"யாரு இதக் களைன்னு சொன்னது? ஒருத்தரையாவது நிப்பாட்டணும்னு சொல்லிட்டாரு. யாருன்னு சொல்லுங்கம்மா."

வயலில் வாயாடி என்று எனக்குப் பேர். பொழுது சாய்ந்தும் கரையேற விடாத நிலத்துக்காரர் எதிரில், எல்லாருக்குமாக நான்தான் சண்டைக்கு நிற்பேன். அன்று நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று மனசுக்குள் ஓடியது. வாய் திறக்கவில்லை.

"நாந்தான் சார்," என்றாள் ஓரகத்தி. "அக்கா வாணாம்னுதான் சொன்னாங்க."

அவளை அன்று சாயங்காலமே வேனில் ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்து வந்தாளாம். பத்தாம் நாள் எனக்குப் பாஸ் வந்தது. போட்டோவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முட்டியைப் பார்த்து இரங்கினாள், மூத்தவள் என்று மரியாதை வைத்தாள், இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அவள் இப்போதும் மூலை நடவுக்குப் போகிறாள். நான் நாள் முழுக்க நிழலிலும் புல்தரையிலும் நடக்கிறேன். அப்படியும் ராத்திரி படுத்தால் அசதி தீருவதில்லை. முட்டி மேல் பழி போடலாம் என்று பார்த்தால், முட்டி இப்போது தேவலை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடவு முடித்து, கால் நிறையச் சேற்றோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி ஏன்டி உம் மேல போட்டுகின? என் முட்டிக்காவ தானே?"

அவள் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"இல்லக்கா. நீ சொல்லுவ, சொல்லுவன்னுதான் பாத்துகினு நின்னேன். நீ சொல்லல. அந்த சூப்பர்வைசர் புள்ள அழுவுற மாரி நிக்கிறான். யாராச்சும் ஒருத்தர் சொல்லணுமில்ல?"