அவசரத்துக்கு வாங்கிய கார்

என் மனுசன் மூன்று மாதம் கார் பார்த்தார். வாங்கவில்லை, பார்த்தார். நான் புரொண்பியில் ஒரு டெனிஷ் வயோதிபர் இல்லத்தில் காலை வேலை முடித்து, நாலு பேரைத் தூக்கி இருத்திக் குளிக்கவார்த்த இடுப்போடு இஷொயில் எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தால், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளிருந்து சத்தம் வரும்.

"இஞ்சேரப்பா, இதை ஒருக்கா வந்து பார்."

மடிக்கணினியில் யாரோ ஒருவன் சீனக் கார் ஒன்றின் முன்மூடியைத் திறந்து வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு நாள் இங்கிலாந்துக்காரன், ஒரு நாள் நோர்வேக்காரன், ஒரு நாள் சென்னைத் தமிழ் கதைக்கிற பெடியன். கதை ஒன்றுதான். விலை குறைவு, சோபா மாதிரி இருக்கை, கூரை முழுக்கக் கண்ணாடி. பிளக்கில் கொழுவி வைத்தால் எழுபது எண்பது கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடும். அது முடிந்தால் பெற்றோலில் ஓடும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆனால் பத்து வருடம் போனால் இது எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது என்பான். தெரியாதென்றால் ஏனடாப்பா இருபது நிமிடம் கதைத்தாய் என்று கத்த வேண்டும் போலிருக்கும்.

கத்தவில்லை. அவர் ஏன் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலத்தைத் தாண்டி, ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், ஒடென்சேயில் இருக்கிறாள். மருமகனுக்குக் கடலில் காற்றாலை நடுகிற கப்பலில் வேலை. இரண்டு கிழமை கடல், இரண்டு கிழமை வீடு. முதல் முறை அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, ஏழாம் மாதம், தை மாதத்தில் ஒரு முற்பகல் கோல் எடுத்தாள். ஏதோ சரியில்லை அம்மா, ஆசுப்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். மருமகன் கடலில். நாங்கள் எங்கள் பழைய ஜப்பான் காரில் வெளிக்கிட்டோம். அந்தக் கார் சாகாது, தண்ணீர் ஊற்றினாலும் ஓடும் என்று எங்கள் ஆட்கள் சத்தியம் பண்ணுவார்கள். பெரிய பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையில் ஆவி கக்கிக்கொண்டு அது நின்றது. மஞ்சள் பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு றோட்டுக் கரையில் இழுவை வண்டிக்காக இரண்டு மணித்தியாலம் நின்றோம். பிறகு ரயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த நேரம் அவளுடைய கையைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. எங்களை அவள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

இந்த வசந்தத்தில் மறுபடி உண்டாயிருக்கிறேன் என்று அவள் சொன்ன அன்றுதான் மனுசன் மடிக்கணினியைத் திறந்தார். கார்த்திகை கடைசியில் பிறக்குமென்று திகதி கொடுத்திருந்தார்கள். மருமகன் அப்போது கடலில் இருக்கலாம். இந்த முறையாவது நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காரிடம் நாங்கள் கேட்டது அது ஒன்றைத்தான்.

முழு மின்சாரக் காரை அவர் நம்பவில்லை. பாலத்துக் காற்றில் பற்றறி இறங்கிவிட்டால்? ஜப்பான்காரனின் புதுக் கார் எங்களுக்கு எட்டாது. பழையதை இனி வாங்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னார். மிஞ்சினது சீனாக்காரன்தான். எங்கள் ஆட்களுக்கு அது பொறுக்குமா? கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றாலும் இவரைச் சுற்றிக் கார்க் கதைதான். ஒருவரும் அந்தக் காரில் ஏறிப் பார்த்ததில்லை. அபிப்பிராயம் மட்டும் எல்லோரிடமும் இருந்தது. முதலாம் மாடியில் ரக்சி ஓடுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். கார் விசயத்தில் எங்கள் குடியிருப்புக்கு அவர்தான் நீதவான். ஒரு சனிக்கிழமை தேத்தண்ணிக்குக் கூப்பிட்டோம்.

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ," என்றார் வந்து இருந்த உடனே. "மோட்டரும் எஞ்சினும் எண்டா இரண்டு தலையிடி. ஒரு சின்னச் சாமான் உடைஞ்சாலும் அது அங்கயிருந்து கப்பலில வருமட்டும் காரை வைச்சுக் கும்பிட வேண்டியதுதான். விக்கப் போனா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நான் ஏன் விக்கப் போறன்? ஒண்டு காலை வாரினாலும் மற்றது இருக்குதெல்லே. உம்மட கையில இருக்கிற போன் எங்க செய்தது?"

"போன் நிண்டா நடந்து போகலாம் அண்ணை. பாலத்தில கார் நிண்டா?"

சொன்ன பிறகுதான் தம்பிக்கு விளங்கியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, நான் அதை நினைச்சுச் சொல்லேல்லை." எனக்குத் தெரியும் தம்பி, குடியுங்கோ என்றேன். மனுசன் எழும்பிப் போய் ஜன்னலில் நின்றார்.

விற்பனை நிலையத்துக்கு ஒரு கொப்பி நிறையக் கேள்விகளோடு போனார். பற்றறிக்கு எட்டு வருட உத்தரவாதம் என்றால் என்ன நடந்தால் தருவார்கள், என்ன நடந்தால் தரமாட்டார்கள்? குளிரில் எவ்வளவு குறையும்? ஒடென்சேயில் திருத்துகிற இடம் உண்டா? விற்கிற பெடியன் பாவம், கோப்பி மேல் கோப்பியாகக் கொண்டுவந்து வைத்தான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், வழியில் நிற்காதா என்று. எந்தக் காருக்கும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றான். அந்த ஒரு பதிலுக்காக எனக்கு அவனைப் பிடித்துப் போனது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால், நல்ல கார். நான் ஓட்டினபோது, சந்தியில் ஒரு கொட்டாவி விட்டேன். உடனே டிங் டிங் என்று அடித்து, திரையில் ஒரு கோப்பிக் கோப்பையின் படத்தைக் காட்டி, களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது. விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவளின் களைப்பை எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சீனாக்காரன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

ஆனால் அந்தக் காரை வாங்க வைத்தது இந்த வித்தைகளோ விலையோ அல்ல, இரண்டு விதமாக ஓடும் என்ற அந்த ஒன்றுதான். தொண்ணூறுகளில், சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துக்குள் அரசாங்கம் பெற்றோல் வர விடாது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிடித்த உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். அந்த நாளில் இவர் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைத் துணியில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவர், ஆருக்கும் ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் என்று. வேறு எதற்கும் ஒருவரையும் அதைத் தொட விடவில்லை. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளிலும் அது அலுமாரிக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

ஆடியில் கார் வந்தது. கோயிலுக்குக் கொண்டுபோனால் வீணாகக் கிலோமீற்றர் ஏறுமென்று, குடியிருப்பின் தரிப்பிடத்திலேயே நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்தார். நாயோடு உலாத்த வந்த டெனிஷ்காரர் நின்று பார்த்துவிட்டு, வாழ்த்துகள் சொல்லிப் போனார். அன்றே மனுசன் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்தார். அன்று தொடங்கியதுதான் இவருடைய காவல்.

தரிப்பிடத்தில் சார்ஜ் பண்ண இரண்டே இரண்டு கம்பங்கள். பாலும் பாணும் வாங்கப் போய் வந்தாலும் உடனே வயரைக் கொழுவுவார். எப்போதும் நூறு வீதத்தில் வைத்திருப்பது பற்றறிக்குக் கூடாது என்று அந்த வீடியோக்காரர்கள் சொன்னது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தார். எஞ்சினை எழுப்பாமல், பெற்றோலில் ஒரு சொட்டும் குறையாமல், பூனை மாதிரி ஓட்டினார். மகளுக்கு ரெலிபோனில் கட்டளை போட்டார்.

"பிள்ளை, அவசரம் எண்டா மட்டும் ஒரு கோல் அடி. ஒண்டரை மணித்தியாலத்தில அப்பா வாசலில நிப்பன். கார் எந்த நேரமும் ஃபுல்லா நிக்குது."

ஓம் அப்பா என்றாள்.

அவள் கோல் எடுத்தாள்தான். ஆவணியில் ஒரு ஞாயிறு, பிள்ளையின் அறைக்குப் பெயின்ற் அடிக்கிறேன், வாறீங்களா என்று கேட்டாள். புரட்டாதியில், தொட்டிலைப் பூட்டத் தெரியவில்லை என்றாள். பிறகு ஒரு நாள் ஒரு காரணமும் சொல்லவில்லை. டெனிஷில் தொடங்கி, தடுமாறித் தமிழுக்கு வந்து, "சும்மா வாங்கோ அம்மா, தேத்தண்ணி குடிப்பம்," என்றாள்.

"இப்ப போய்க் கிலோமீற்றர் ஏத்தக் கூடாது," என்றார் இவர். "புதுக் காரில பிழை வாறதெண்டா துவக்கத்திலதான் வரும். வந்து வேர்க்ஷொப்பில நிண்டுதெண்டா, அந்த நேரம் என்ன செய்யிறது? கார்த்திகை வரட்டும்."

"தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுறாளப்பா," என்றேன் நான்.

"தேத்தண்ணி பிறகும் குடிக்கலாம்."

நான் விட்டுக்கொடுத்தேன். பழி முழுவதையும் அவர் தலையில் போட எனக்கு மனச்சாட்சி இடம் தராது. ஞாயிறு ஒன்றுதான் நான் கால் நீட்டிப் படுக்கிற நாள். போகவர முந்நூறு கிலோமீற்றர், சிரித்த முகம், அங்கேயும் ஒரு சமையல். அவர் வேண்டாமென்றது எனக்கும் வசதியாக இருந்தது. நான் ரயிலில் போயிருக்கலாம். போகவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவுமில்லை.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒரு புதன்கிழமை. மதியம் பாணைக் கையில் எடுத்துக்கொண்டு இளைப்பாறும் அறையில் இருக்கிறேன், ரெலிபோன் அடித்தது. மகள். இரண்டு கிழமை இருக்கிறதே இன்னும்.

"அம்மா," என்றாள். "மகள் பிறந்திட்டா. விடிய ஆறு மணிக்கு. இரண்டு பேரும் சுகம்."

பாண் கையிலிருந்து விழுந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியாது. பிறகுதான் கேட்டேன், ஆர் உன்னோடு இருந்தது என்று. கீழ்வீட்டு டெனிஷ் மனுசியாம். தன்னுடைய பழைய சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு போனாளாம். அதில் ஒரு பக்கக் கதவு திறக்காதாம், மகள் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தால் ஏறினாளாம். பிள்ளை வருமட்டும் அந்த மனுசி கையை விடவில்லையாம். மருமகன் அடுத்த நாள்தான் கரைக்கு வருவான்.

"ஏன் பிள்ளை எங்களுக்குக் கோல் அடிக்கேல்லை? அப்பா காரை வைச்சுக்கொண்டு..."

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. ஒரு கோபமும் இல்லாமல்தான் சொன்னாள். "அப்பா சொன்னவர்தானே அம்மா, அவசரம் எண்டா மட்டும் எண்டு. இது அவசரம் இல்லை. எல்லாம் நோர்மலாத்தான் நடந்தது."

மனுசனுக்குக் கோல் எடுத்து, பேத்தி பிறந்ததை மட்டும் சொன்னேன். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து மழைக்குள் நின்றேன். மனுசன் காரோடு வந்தார். பேத்தி பிறந்த சந்தோசத்தில் வாய் நிறையச் சிரிப்பு. ஏன் எங்களுக்குச் சொல்லவில்லையாம் என்று கேட்டார். நான் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். சிரிப்பு நின்றது. திரையில் பார்த்தேன்: பற்றறி கிட்டத்தட்ட நிறைய, தாங்கியின் முள் நிறைந்த இடத்திலேயே. ஆடியில் அடித்த பெற்றோல்.

நேரே ஒடென்சேக்கு வெளிக்கிட்டோம். பாதி வழிக்கு முன்பே மின்சாரம் முடிந்து எஞ்சின் தானாக எழும்பியது. ஒரு குலுக்கலும் இல்லை. முன்பு நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டினோம். பாலத்தில் காற்று அடித்த அடிக்கும் கார் அசையவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில், அவர் சொன்ன அதே ஒன்றரை மணித்தியாலத்தில், ஆசுப்பத்திரி வாசலில் நின்றோம்.

மகள் இந்த முறை கதவுப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். செய்வதற்கு வேறொன்றும் மிச்சமிருக்கவில்லை. பேத்தியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். அவர் காரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றதைக் கண்டு, அவரைச் சந்தோசப்படுத்தத்தான் அவள் அதைக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"அப்பா, கார் ஒழுங்கா ஓடிச்சுதோ?"

"ஓம் பிள்ளை," என்றார். "ஒரு குறையுமில்லை."

சொல்லிவிட்டு, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே விம்மி விம்மி அழத் தொடங்கினார்.